காற்றுக்காலத்து இளைப்பா, ஆலை தந்த இளைப்பா? கஞ்சிக்கோட்டு நுரைப்பஞ்சுத் தொழிலாளி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

நோயாளியும் அவர் சொன்னதும்

பாலக்காடு மாவட்டம் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில், மெத்தைக்கான நுரைப்பஞ்சு செய்யும் நடுத்தர ஆலை ஒன்றில் வேலை பார்த்துவந்த 34 வயது ஆண் தொழிலாளி, இரவில் வறட்டு இருமலும் இளைப்பும் நெஞ்சடைப்பும் இரண்டாவது ஆண்டாகத் தொடர்வதாகச் சொல்லி டிசம்பர் மாதப் பிற்பகுதியில் எங்களிடம் வந்தார். சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். புகை பிடிக்கும் பழக்கம் இல்லை. சிறுவயதில் இளைப்பு இருந்ததில்லை. பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும் ஆஸ்துமா இல்லை. ஆலையில் சேர்ந்து நான்கு ஆண்டுகள் முடிந்திருந்தன. அவரையும் ஆலையையும் அடையாளம் காண இயலாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

முன்பு காட்டிய இடங்களில் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று உறுதி செய்திருந்தார்கள். மார்பு எக்ஸ்ரேயில் குறை எதுவும் இல்லை. மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால் இன்ஹேலர் கொடுத்திருந்தார்கள். அதை இழுத்தால் சிறிது நேரம் நிம்மதி கிடைத்தது. நோய்க்குக் காரணம் காற்று என்றே எல்லா இடத்திலும் சொல்லியிருந்தார்கள். இந்த ஊர்ப்பக்கத்தில் அப்படிச் சொல்வது இயல்புதான். மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் விட்டிருக்கும் 30, 40 கிலோமீட்டர் அகல இடைவெளி வழியாக, மார்கழியிலும் தையிலும் கிழக்கிலிருந்து வறண்ட காற்று இரவும் பகலும் புழுதியோடு வீசும். அந்த மாதங்களில் வாளையாரிலிருந்து பாலக்காடு வரை எந்த மருத்துவரின் வாசலிலும் இருமிக்கொண்டு நிற்பவர்கள் அதிகம். அந்தக் கூட்டத்தில் இவரும் ஒருவராகிவிட்டார்.

வேலையோடு இந்த நோய்க்குத் தொடர்பு இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றாமல் போனதற்கு இன்னொரு காரணம், ஆலைக்குள் இருக்கும்போது அவருக்கு இளைப்பு வந்ததில்லை. மாலை ஐந்தரைக்கு வேலை முடிந்து, பஸ் ஏறி வீடு சேர்ந்து, சாப்பிட்டுப் படுத்த பிறகே தொடங்கும். ஆனால் எந்த நாளில் வருகிறது, எந்த நாளில் வருவதில்லை என்று கேட்டபோது அவர் சற்றும் யோசிக்காமல் விடை சொன்னார்: "லீவு நாள்ல ஒண்ணுமில்லீங்க டாக்டர். நாலஞ்சு நாள் சேந்தாப்புல லீவு போட்டா நல்லாவே இருக்கறனுங்க. வேலைக்குப் போன அன்னிக்கு ராத்திரிதான் கட்டிக்குது." வேலையால் வரும் ஆஸ்துமாவைச் சந்தேகிக்க இந்த ஒரு விடையே போதும். அதற்குக் கேள்வி கேட்கப்பட்டிருக்க வேண்டும்.

வேலையிடம்

அவர் வேலை பார்த்தது ஊற்றும் பகுதியில். பாலியால் என்னும் பிசுபிசுப்பான திரவத்தோடு டொலுவீன் டைஐசோசயனேட் (தொழிலாளர் வழக்கில் டி.டி.ஐ.), தண்ணீர், அமீன் வகை வினையூக்கி, வெள்ளீய வகை வினையூக்கி ஆகியவற்றைக் கலந்து பெரிய பெட்டி அச்சில் ஊற்றுவார்கள். தண்ணீரும் டி.டி.ஐ.யும் வினைபுரிந்து கரியமிலவாயு வெளிப்படுவதால்தான் கலவை பொங்கி எழுந்து பஞ்சாகிறது. கூடவே வெப்பமும் வெளிப்படுகிறது. பெட்டியிலிருந்து எடுத்த பாளங்கள் ஒரு நாளாவது ஆற வேண்டும். கலக்கி ஊற்றும் நிமிடங்களிலும், ஆறும் அறையில் முதல் சில மணி நேரத்திலும், இன்னும் சூடாக இருக்கும் பாளத்தை வெட்டும்போதும் வினைபுரியாமல் எஞ்சிய டி.டி.ஐ. ஆவியாகக் காற்றில் கலக்கிறது.

டி.டி.ஐ. மூச்சுக்குழாய்க்கு இரு வகையில் கேடு செய்யும். அதிக அளவில் ஒரேயடியாக மூச்சில் புகுந்தால் எந்த அமிலப்புகையையும் போல எரித்துப் புண்ணாக்கும். குறைந்த அளவில் திரும்பத் திரும்பப் புகுந்தால், வேலை செய்பவர்களில் ஒரு சிலருடைய உடல் அதற்கு ஒவ்வாமை கொள்ளும். அப்படி ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்ட பிறகு, மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத மிகச் சிறிய அளவே அவருக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கப் போதுமானது. பலருக்கு இந்தச் சுருக்கம் உடனே வராமல் நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்து வருகிறது. நம் நோயாளிக்கு வீட்டுக்குப் போன பின் இளைப்பு வந்தது இதனால்தான். மருத்துவ இலக்கியத்தில் இது புதிய செய்தியும் அல்ல. டி.டி.ஐ.யால் வரும் ஆஸ்துமாவைப் பற்றிய முதல் குறிப்பு பிரான்சிலிருந்து 1951ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. ஐசோசயனேட் என்றதும் நம் நாட்டில் எல்லோருக்கும் 1984ஆம் ஆண்டுப் போபால்தான் நினைவுக்கு வரும். அங்கே கசிந்தது மெத்தில் ஐசோசயனேட் என்னும் வேறு சேர்மம்; அது ஒரே இரவில் கொன்றது. டி.டி.ஐ. வேலை செய்யும் விதம் வேறு என்பதாலேயே, கசிவையும் விபத்தையும் மட்டும் எதிர்பார்த்திருக்கும் ஆலைகளின் கண்ணுக்கு இது தப்பிவிடுகிறது.

வாடையை வைத்து இந்த ஆபத்தை அளக்க முடியாது. டி.டி.ஐ.யின் நெடி மூக்குக்குத் தெரிவதற்குள் அது சட்டம் அனுமதிக்கும் அளவைப் பல மடங்கு தாண்டியிருக்கும். தொழிலாளர்கள் "கெமிக்கல் வாடை" என்று சொல்வது பெரும்பாலும் அமீன் வினையூக்கியின் மீன்கவிச்சி போன்ற நெடி. அது குறைந்தால் காற்று சுத்தமாகிவிட்டது என்று நினைத்து முகக்கவசத்தைக் கழற்றிவிடுகிறார்கள். அந்த ஆலையில் கொடுத்திருந்த முகக்கவசமும் தூசியைத் தடுக்கும் துணி வகை, ஆவியைத் தடுக்காது. ஆவிக்குக் கரித்தூள் நிரப்பிய குப்பி கொண்ட கவசம் வேண்டும். குப்பி தீர்ந்ததை வாடையால் அறிய முடியாத பொருள் இது என்பதால், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை குப்பியை மாற்றுவது என்ற திட்டமும் வேண்டும்.

ஐந்து தாள்கள்

இந்த நிகழ்வை எழுதத் தூண்டியது அவருடைய ஆண்டுச் சோதனைத் தாள்கள். போபாலுக்குப் பிறகு 1987ஆம் ஆண்டில் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட அத்தியாயத்தின் 41சி பிரிவு, அபாயகரமான செயல்முறையில் ஈடுபடும் ஒவ்வொரு தொழிலாளியையும் வேலையில் அமர்த்துவதற்கு முன்பும், வேலை பார்க்கும் காலத்தில் 12 மாதங்களுக்கு மிகாத இடைவெளியிலும், வேலையை விட்ட பிறகும் மருத்துவச் சோதனை செய்ய வேண்டும் என்றும், அந்தப் பதிவுகளைத் தொழிலாளி பார்க்க வழி இருக்க வேண்டும் என்றும் சொன்னது. இந்த ஆலை அப்போது அமலில் இருந்த அந்தச் சட்டத்தை, தாளைப் பொறுத்தவரை, மீறவில்லை. ஆண்டுதோறும் சோதனை வண்டி வந்தது, ஸ்பைரோமெட்ரி (மூச்சை ஊதச் செய்து நுரையீரலின் திறனை அளக்கும் சோதனை) செய்தார்கள், தாள்களைக் கோப்பில் வைத்தார்கள். எழுதிக் கேட்டபோது நகலும் தந்தார்கள்.

சேரும்போது எடுத்த தாளில், முதல் நொடியில் அவர் ஊதி வெளியேற்றிய காற்று 3.62 லிட்டர், அவருடைய வயதுக்கும் உயரத்துக்கும் எதிர்பார்க்கப்படும் அளவில் இது 108 விழுக்காடு. அடுத்த ஆண்டு 3.55. அதற்கடுத்து 3.46. மூன்றாம் ஆண்டு 3.12. நான்காம் ஆண்டு 2.86, அதாவது எதிர்பார்ப்பில் 88 விழுக்காடு. ஐந்து தாள்களின் அடியிலும் "இயல்பு, வேலைக்குத் தகுதி" என்ற முத்திரை இருந்தது. 80 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் இயல்பு என்று கருவி அச்சிடுகிறது. கருவி அச்சிட்டதை மருத்துவர் ஒப்பமிட்டிருக்கிறார். ஒவ்வொரு தாளும் தனித்தனியாகச் சரி. ஐந்தையும் மேசைமேல் வரிசையாக வைத்திருந்தால் நான்கு ஆண்டுகளில் 760 மில்லிலிட்டர் குறைந்திருப்பது யார் கண்ணிலும் பட்டிருக்கும். நலமுள்ள, புகை பிடிக்காத வளர்ந்த மனிதருக்கு வயது கூடக்கூட ஆண்டுக்கு ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் குறைவது இயற்கை. நான்கு ஆண்டுக்கு 120. அதைக் கழித்த பிறகும் தொடக்க அளவில் 15 விழுக்காட்டுக்கு மேல் இழப்பு இருந்தால், எதிர்பார்ப்பு விழுக்காடு எதுவாக இருந்தாலும், தொழிலாளியை மேல்சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பது தொழில்நல மருத்துவத்தில் நெடுநாளாக இருக்கும் வழிகாட்டல். இவருடைய கணக்கில் அந்தக் கோடு 2.96 லிட்டரில் விழுகிறது. நான்காம் ஆண்டின் 2.86 அதற்குக் கீழே. மூன்றாம் ஆண்டின் 3.12 கோட்டைத் தாண்டவில்லை என்றாலும், ஒரே ஆண்டில் 340 மில்லிலிட்டர் இறங்கியதைப் பார்த்த மருத்துவர் "ராத்திரி இருமல் உண்டா?" என்றாவது கேட்டிருக்கலாம்.

சராசரிக்கு மேலான நுரையீரலோடு வேலைக்குச் சேர்பவர்கள்தான் இந்த 80 விழுக்காட்டுக் கோட்டால் அதிகம் ஏமாற்றப்படுகிறார்கள். பாரம் தூக்கும் வேலைக்கு ஆள் எடுக்கும்போது உடல்வாகு பார்த்தே எடுக்கிறார்கள். சேரும்போது 108, 110 விழுக்காட்டில் இருப்பவர், நுரையீரல் வலுவில் நான்கில் ஒரு பங்கை இழந்த பிறகே கருவியின் கண்ணுக்கு நோயாளியாகிறார்.

கேள்வித்தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட அந்தத் தாளில் இருமல், இளைப்பு, நெஞ்சடைப்பு எல்லாவற்றுக்கும் நேராக "இல்லை" என்று ஒரே மையில், ஒரே கையெழுத்தில் டிக் விழுந்திருந்தது. நம் நோயாளி தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர். மேற்பார்வையாளர் வரிசையை வேகமாக நகர்த்துவதற்காக எல்லோருக்கும் தாமே நிரப்பியதாகச் சொன்னார். சோதனை வண்டி வந்ததும் வழக்கமாகத் திங்கட்கிழமைக் காலையில். ஞாயிறு ஓய்வுக்குப் பிறகு மூச்சுக்குழாய் ஓரளவு தெளிந்திருக்கும் நேரம் அது.

பீக் ஃப்ளோ ஏடு

எங்கள் ஸ்பைரோமெட்ரியில் முதல் நொடி அளவு 2.80 லிட்டராக இருந்து, சால்பூட்டமால் கொடுத்த பின் 3.25 ஆனது. 16 விழுக்காடு ஏறியதால் ஆஸ்துமா என்பது உறுதியாயிற்று. அது வேலையால் வந்ததா என்பதற்கு இந்தச் சோதனையில் விடை இல்லை. ஐசோசயனேட்டுக்கு எதிரான ஐ.ஜி.இ. என்னும் ஒவ்வாமை எதிர்ப்பொருளைத் தேடும் இரத்தச் சோதனையை நாங்கள் கேட்கவில்லை. நோய் உறுதியானவர்களிலும் சிறு பகுதியினருக்கே அது காணப்படுவதால், இல்லை என்று வந்தாலும் எதையும் விலக்க முடியாது. குறைந்த அளவு டி.டி.ஐ.யை மருத்துவமனையில் வைத்து முகரச் செய்து பார்க்கும் சோதனை உலகில் சில மையங்களில் மட்டுமே பாதுகாப்பாகச் செய்யக்கூடியது. எனவே கையில் பிடித்து ஊதினால் மூச்சு வெளிவரும் உச்ச வேகத்தைக் காட்டும் பிளாஸ்டிக் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்றையும், தமிழில் கட்டம் போட்ட நோட்டு ஒன்றையும் கொடுத்தோம்.

ஏடு பயன்பட வேண்டுமானால் சில ஒழுங்குகள் தேவை. நாளுக்கு நான்கு முறையாவது ஊத வேண்டும்: எழுந்ததும், உணவு இடைவேளையில், வேலை முடிந்ததும், படுக்கும் முன். ஒவ்வொரு முறையும் மூன்று தடவை ஊதி, உயர்ந்ததை எழுத வேண்டும். உயர்ந்த இரண்டுக்கும் இடையில் நிமிடத்துக்கு 20 லிட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தால் மீண்டும் ஊத வேண்டும். நான்கு வாரமாவது தொடர வேண்டும், அதற்குள் சேர்ந்தாற்போல் சில நாள் விடுப்பு இருக்க வேண்டும். மருந்தை இடையில் மாற்றக் கூடாது. இன்ஹேலர் இழுத்தால் நேரத்தைக் குறிக்க வேண்டும். ஷிப்ட் மாறினால் கணக்குக் குழம்பும் என்பதால் அந்த மாதம் முழுவதும் பகல் ஷிப்டிலேயே இருக்கக் கேட்டுக்கொண்டோம். எண்களைப் பிறகு உட்கார்ந்து மொத்தமாக நிரப்புவது இந்த முறையின் அறியப்பட்ட பலவீனம். நினைவகம் கொண்ட மின்னணுக் கருவி இருந்தால் அதைத் தவிர்க்கலாம். இல்லாத இடத்தில், வாரம் ஒருமுறை நோட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பார்ப்பதே வழி. இவருடைய ஏட்டில் விட்டுப்போன கட்டங்கள் இருந்தன. பஸ் தாமதமான நாளில் நேரம் அடித்துத் திருத்தப்பட்டிருந்தது. அதனாலேயே எங்களுக்கு அதன்மேல் நம்பிக்கை கூடிற்று.

வேலை வாரத்தில் திங்கட்கிழமை காலை நிமிடத்துக்கு 480 லிட்டர் என்று தொடங்கிய அளவு, அன்று இரவே 370க்கு இறங்கியது. செவ்வாய் காலை 460. சனிக்கிழமை காலையில் எழும்போதே 410, இரவில் 340. ஒரு நாளின் உயர்வுக்கும் தாழ்வுக்கும் இடையே சராசரியாக 25 விழுக்காடு வேறுபாடு. ஞாயிறு ஓய்வில் அளவு ஏறியதே தவிர முழுதும் திரும்பவில்லை. ஒரு நாள் ஓய்வு போதாது என்பதால்தான் வாரவிடுமுறையை மட்டும் வைத்துக் கேட்கும் மருத்துவருக்கும் இந்த நோய் பிடிபடாமல் போகிறது.

பொங்கலுக்கு அவர் ஐந்து நாள் விடுப்பு எடுத்துச் சொந்த வீட்டிலேயே இருந்தார். இந்த ஆய்வில் முடிவைத் தந்தவை அந்த ஐந்து நாட்களே. தை பிறக்கும் அந்த வாரத்தில் கணவாய்க் காற்று வலுவாக வீசியது. வீடோ ஓட்டு வீடு, சுற்றிலும் அறுவடை முடிந்த வயல், புழுதிக்குக் குறைவில்லை. காற்றுதான் காரணம் என்றால் மாதத்திலேயே அந்த வாரத்தில்தான் அளவு மிகவும் தாழ்ந்திருக்க வேண்டும். மூன்றாம் நாளிலிருந்து காலையும் இரவும் 490க்கும் 520க்கும் இடையில் நின்றது. இன்ஹேலரை அவர் தொடவே இல்லை. வேலைக்குத் திரும்பிய இரண்டாம் நாள் இரவு மீண்டும் 360.

காற்றுக்காலத்தில் நோய் கூடுவதாக அவர் உணர்ந்ததும் பொய் அல்ல. கிழக்குக் காற்று கொட்டகைக்குள் புழுதியை அடித்துப் பஞ்சைக் கெடுக்கிறது என்று, அந்த மாதங்களில் கிழக்குப் பக்க ஷட்டர்களை இறக்கிவிடுவார்கள். ஆவி வெளியேறும் வழி அடைபடுகிறது. கொட்டகையைப் போய்ப் பார்த்திராவிட்டால் இது எங்களுக்குத் தெரிந்திருக்காது.

கொட்டகையின் காற்று

மூச்சுக்குழாய் ஒரே பெரும் கசிவால் எரிந்து ஆஸ்துமா போலாவதும் உண்டு. அதற்கு நாள் குறிப்பிட்டுச் சொல்லக்கூடிய ஒரு விபத்து இருக்க வேண்டும். இங்கே அப்படி எதுவும் நடந்திருக்கவில்லை. எனவே அன்றாட அளவைப் பார்க்க வேண்டியிருந்தது. வினைப்பொருள் தோய்த்த வடிதாள் வழியாகக் காற்றை இழுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் முறையில், தொழிலாளியின் காலர் அருகே பொருத்தி அளந்தார்கள். தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை, எட்டு மணி நேரச் சராசரியாக நூறு கோடிப் பங்கு காற்றில் 5 பங்கு டி.டி.ஐ.யையும், குறுகிய நேரத்துக்கு 20 பங்கையும் எல்லையாக வைத்திருந்தது. அமெரிக்கத் தொழில்சுகாதார வல்லுநர் மன்றம் 2016ஆம் ஆண்டில் தன் பரிந்துரையை முறையே 1, 5 எனக் குறைத்துவிட்டது. ஊற்றும் பகுதியில் நாள் சராசரி 3 பங்கு, சட்டப்படி சரி. ஊற்றும் கால் மணி நேரத்தில் 30க்கு மேல். நாள் முழுவதும் பரப்பிப் பார்த்தால் இந்த உச்சங்கள் சராசரிக்குள் கரைந்துவிடுகின்றன.

நிர்வாகம் தொடக்கத்தில் மறுப்பில் இருந்தது. காற்று அளவீட்டைக் கண்ட பிறகு ஒத்துழைத்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். ஊற்றும் மேடைக்கு மேல் உறிஞ்சு குழாய் வைத்தார்கள். பாளங்கள் ஆறும் அறையைத் தனியாக அடைத்து, காற்றை வெளியே தள்ளும் விசிறி போட்டார்கள். காலி டிரம்களைத் திறந்தபடி முற்றத்தில் போடும் வழக்கம் நின்றது. சிந்தியதை வெறுங்கையால் துணி போட்டுத் துடைப்பதையும் நிறுத்தச் சொன்னோம். தோலில் படுவதாலும் ஒவ்வாமை தொடங்கலாம் என்பதற்குச் சான்றுகள் உண்டு.

உடன் வேலை பார்ப்போர்

ஒருவருக்கு வேலையால் ஆஸ்துமா என்று உறுதியானால், அதே காற்றை மூச்சிழுக்கும் மற்றவர்களையும் பார்த்தாக வேண்டும். பழைய தாள்களை ஆள்வாரியாக வரிசைப்படுத்தியதில் நிரந்தரத் தொழிலாளர்களில் மேலும் இருவரிடம் இதே போன்ற இறக்கம் தெரிந்தது. ஒருவருக்குப் பீக் ஃப்ளோ ஏடும் அதையே காட்டியது. ஆனால் கலக்குவதும் பாளம் தூக்குவதும் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஒடிசா, வங்காளத்திலிருந்து வந்தவர்களும் எல்லைப்புறத் தமிழர்களும். ஆண்டுச் சோதனை வரிசையில் அவர்களில் பலர் நின்றதே இல்லை. மூச்சு முட்டுபவர் மருத்துவரிடம் போகுமுன் வேலையை விட்டுவிடுகிறார். பதிவேட்டில் எஞ்சுவது தாங்கிக்கொள்பவர்களின் பெயர் மட்டும். இந்த ஆலையில் நோயே இல்லை என்று பதிவேடு காட்டியதற்கு இதுவும் காரணம்.

புதிய ஏற்பாட்டின்படி வேலைக்குச் சேருமுன் ஸ்பைரோமெட்ரி. சேர்ந்த ஆறாம் வாரத்திலும் அதன்பின் முதல் இரண்டு ஆண்டுகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் கேள்வித்தாளோடு சோதனை, ஏனெனில் ஒவ்வாமை பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான் தொடங்குகிறது. பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. சோதனை வாரக் கடைசியில், ஷிப்ட் முடிவில். கேள்வித்தாள் தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும். படிக்கத் தெரியாதவரிடம் செவிலியர் வாய்மொழியாகக் கேட்பார், மேற்பார்வையாளர் அருகில் நிற்கக் கூடாது. இரவு இருமல், விடுப்பில் தெளிவு என்ற இரண்டில் ஒன்றுக்கு "ஆம்" என்றால் அடுத்த நாளே பீக் ஃப்ளோ ஏடு.

நோயாளியின் தற்போதைய நிலை

நோயைச் சட்டப்படி தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத்து மூலம் அறிவித்தோம். ஐசோசயனேட் நஞ்சேற்றம் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாக இருந்தது. அறிவிக்கும் கடமை பார்த்த மருத்துவருக்கும் உண்டு. நோயாளியை முதலில் அதே வளாகத்தின் உறை தைக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். பாளம் ஏற்றி இறக்கும் நாட்களில் அங்கேயும் பீக் ஃப்ளோ இறங்கியது. நல்ல கவசம் கொடுத்து அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையை நாங்கள் ஏற்கவில்லை. ஒவ்வாமை கொண்ட உடலுக்கு முழு விலகல் தவிர வேறு பாதுகாப்பு இல்லை என்பதே எங்கள் கருத்து. இப்போது சாலைக்கு மறுபுறம் உள்ள கிடங்கில் அதே சம்பளத்தில் வேலை பார்க்கிறார். ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலரோடு ஓராண்டுக்குப் பின் முதல் நொடி அளவு 3.20 லிட்டர். இரவு இளைப்பு அரிதாகிவிட்டது, மருந்தை நிறுத்த முடியவில்லை. பொருளிலிருந்து விலகிய பிறகும் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஆஸ்துமா நீடிக்கிறது. எவ்வளவு விரைவாக விலகினார் என்பதைப் பொறுத்தே குணம்.

வேலையால் வரும் ஆஸ்துமா இ.எஸ்.ஐ. சட்டத்தின் நோய்ப் பட்டியலில் இருந்ததால் நிரந்தர இயலாமைத் தொகைக்கு விண்ணப்பித்திருக்கிறார். மருத்துவக் குழு கேட்டவற்றில் அவர் கையில் இருந்தவை ஆலை தந்த ஐந்து தாள்களின் நகலும், நான்கு வாரப் பீக் ஃப்ளோ நோட்டும், காற்று அளவீட்டு அறிக்கையும். குழுவின் முடிவு இன்னும் வரவில்லை. வேலையை விட்டுப் போன ஒப்பந்தத் தொழிலாளர்களைத் தேடிச் சோதிக்கும் பணியை ஆலையும் ஒப்பந்ததாரரும் ஒருவர் மற்றவரின் பொறுப்பு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் தொடங்கவில்லை.